ஆளுக்கு ஒன்று, தடிக்கு ஒன்று

திருவனந்தபுரம் கரமனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கம் ஒரு அயனி மரம் நின்றது. ஒருபுறம் ஓட்டுக்கூரை, மறுபுறம் மின்கம்பி, நடுவில் ஒரு ஸ்கூட்டர் போகுமளவு சந்து. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் மரத்தை எடுத்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். அயனி நல்ல தடி. கதவு நிலைக்கு ஆகும். அதைச் சாய்த்துத் தள்ள இடமும் இல்லை, அவருக்கு மனமும் இல்லை. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு மாமனும் மருமகனும் வந்தார்கள். உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் இறக்குவதாகப் பேச்சு.

மருமகன் மேலே இருந்தான். இடுப்புப் பட்டையிலிருந்து நீல நிறக் கொளுத்து ஒன்றைக் கழற்றி, தடியைக் கட்டும் கயிற்றில் மாட்டப் போனான். கீழே நின்ற மாமா பார்த்துவிட்டார்.

“லே, அது ஒன்னத் தாங்கதுக்கு உள்ளதாக்கும். தடிக்கு மத்ததப் போடு.”

“இதுலயும் இருபத்தஞ்சுன்னு போட்டிருக்குல்லா மாமா?”

“போட்டிருக்கும். தடிக்கு வாசிக்கத் தெரியுமா மக்கா?”

நீலக் கொளுத்து அலுமினியம். ‘மத்தது’ எஃகு; மங்கிய துத்தநாகப் பூச்சும் மூன்று மடங்கு கனமும் உடையது. மலையேறுபவர்கள் இரண்டையுமே கராபினர் என்பார்கள். குதிரைப் படையினர் கார்பைன் துப்பாக்கியைத் தோள்வாரில் மாட்டிக்கொள்ள வைத்திருந்த கொக்கிக்கு ஜெர்மன் மொழியில் இருந்த பெயர் சுருங்கி வந்தது அது. நம் ஊர்க் ‘கொளுத்து’ அதைவிடச் சுருக்கமாக இருப்பதால் இந்த அத்தியாயத்தில் அதையே வைத்துக்கொள்கிறேன்.

மருமகன் கேட்டது சரியான கேள்வி. 25 என்றால் 25 கிலோநியூட்டன். ஒரு கிலோநியூட்டன் ஏறத்தாழ 102 கிலோ எடைக்குச் சமம். ஆக, இரண்டரை டன். தடித்துண்டு 100 கிலோ. இருபத்தைந்து மடங்கு பலம் கையில் இருக்கும்போது மாமாவுக்கு எதற்குப் பயம்?

முதலில் அந்த 25 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். புதுக் கொளுத்தை ஒரு இயந்திரத்தில் இரண்டு உருண்டைக் கம்பிகளுக்கிடையே மாட்டி, வாயை மூடி, நீளவாக்கில் மெதுவாக இழுக்கிறார்கள். அது தாங்கியே தீர வேண்டிய அளவைத்தான் முதுகில் அச்சிடுகிறார்கள். பக்கத்திலேயே இன்னும் இரண்டு சிறிய எண்கள் இருக்கும்; யாரும் அவற்றைப் படிப்பதில்லை. குறுக்குவாக்கில் இழுத்தால் எவ்வளவு, வாய் திறந்திருந்தால் எவ்வளவு என்பவை அவை. மலையேற்றக் கொளுத்துக்கான ஐரோப்பியத் தர அளவு நீளவாக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டன் கேட்கிறது. குறுக்குவாக்கில் 7 கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறது. மரத்தைச் சுற்றிக் கயிறு போட்டு அதன் கண்ணியைக் கொளுத்தால் பூட்டினால், கயிறு இறுகும்போது கொளுத்து மரத்தோடு அழுந்திப் படுக்கும். வாய்ப்பக்கம் மரத்தில் முட்டினால் நீங்கள் நம்ப வேண்டிய எண் 7. சில சமயம் அதுகூட இல்லை, ஏனென்றால் முதுகு ஒரு கிளைமுண்டின் மேல் வளைவதை எந்த இயந்திரமும் சோதிக்கவில்லை.

இது எஃகுக்கும் பொருந்தும், அலுமினியத்துக்கும் பொருந்தும். அதனால்தான் தேர்ந்த மரவேலைக்காரர்கள் தடியைக் கட்டக் கொளுத்தே வேண்டாம், முடிச்சுப் போடு என்பார்கள். இறுகும் கண்ணி முடிச்சுக்குக் குறுக்குவாக்கு என்று ஒன்று கிடையாது.

இனி 100 கிலோ எப்படி இரண்டரை டன்னை எட்டிப்பிடிக்கிறது என்று பார்ப்போம். தண்டை மேலிருந்து அறுத்து வரும்போது கப்பியைத் தடிக்கு மேலே கட்ட முடியாது. மேலே மரமே இல்லை. அறுக்கும் இடத்துக்குக் கீழேதான் கட்ட வேண்டும். துண்டு தலைகுப்புறச் சாய்ந்து, கயிறு இழுபடும் முன் ஒன்றரை மீட்டர் விழுந்துவிடுகிறது என்று வையுங்கள். கீழே உள்ளவர் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டார். கயிறு 30 சென்டிமீட்டர் நீண்டு துண்டை நிறுத்துகிறது. 1.8 மீட்டர் விழுந்த ஆற்றல் முழுவதையும் அந்த 30 சென்டிமீட்டருக்குள் விழுங்க வேண்டும். கயிறு ஸ்பிரிங் மாதிரி நீள்கிறது என்று எடுத்துக்கொண்டால், உச்ச இழுவிசை எடையைப் போல 12 மடங்கு. 1,200 கிலோ, அதாவது சுமார் 12 கிலோநியூட்டன்.

அது கயிற்றில். கப்பிக்கு இருபுறமும் கயிறு கீழ்நோக்கி இழுக்கிறது: ஒருபுறம் தடி, மறுபுறம் கீழே கட்டிய முனை. கப்பியைத் தாங்கும் கொளுத்துக்கு வருவது ஏறக்குறைய இரண்டு மடங்கு, 23 அல்லது 24 கிலோநியூட்டன். நீலக் கொளுத்தில் 25 என்று போட்டிருந்தது. ஒரே ஒரு துண்டு, சாதாரணமான ஒரு வீழ்ச்சி, எல்லையைத் தொட்டுவிட்டோம். எஃகில் 50 போட்டிருக்கும். அதில் பாதியைத் தின்றுவிட்டோம். பளு தூக்கும் தொழிலில் உடையும் அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பொது வழக்கம். அந்தக் கணக்கில் எஃகும் தோற்றுத்தான் போகிறது.

அப்படியானால் அன்று எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஏன் ஒன்றும் உடையவில்லை? மாமா கயிற்றைக் கட்டவில்லை. பக்கத்துப் பலா மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையைக் கையில் வைத்திருந்தார். தடி விழுந்ததும் “அயச்சு விடுதேன்” என்றபடி கயிற்றை ஓடவிட்டு, பிறகு மெல்லப் பிடித்தார். ஒன்றரை மீட்டர் ஓடவிட்டு ஒரே சீராகப் பிடித்தால் விழுந்த மொத்த உயரம் மூன்று மீட்டர், நிறுத்திய தூரம் ஒன்றரை. இழுவிசை எடையைப் போல இரண்டே மடங்கு. பன்னிரண்டு இரண்டாகிவிட்டது. உலோகத்தை மாற்றியதால் கிடைத்த லாபம் இரு மடங்கு. கீழே நின்ற ஒருவரின் கை தந்தது ஆறு மடங்கு. கொளுத்து வாங்கப் போகிறவர்கள் இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த இரண்டு சுற்றில் இருக்கும் கணிதம் அழகானது. உருளையைச் சுற்றிய கயிற்றில் ஒவ்வொரு சுற்றும் இழுவிசையைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. உராய்வுக் கெழு கால் பங்கு என்றால், ஒரு முழுச் சுற்று கையின் பலத்தை ஏறத்தாழ 5 மடங்காக்கும். இரண்டு சுற்று 23 மடங்கு. மூன்று சுற்று 110-ஐத் தாண்டும். பேப்பூர் கலாசிகள் உரு எனப்படும் மரக்கப்பலைக் கரையேற்றியும் கடலில் இறக்கியும் பழகியது இந்தப் பெருக்கத்தை வைத்துத்தான். தாவர் என்று அவர்கள் சொல்லும் மரச் சுழல்தூணில் வடத்தைச் சுற்றி ஆட்கள் தள்ளுவார்கள். 1988 ஜூலை 8-ஆம் தேதி ஐலண்ட் எக்ஸ்பிரஸ் பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலில் விழுந்து 105 பேர் இறந்தார்கள். அப்போது பெட்டிகளைக் கரைக்குக் கொண்டுவரும் வேலைக்குக் கலாசிகளை அழைத்தார்கள். அவர்கள் கொண்டுவந்தவை கப்பியும் வடமும் மரத்தூணும்.

உலோகத்துக்கு வருவோம். இங்கே திருவிதாங்கூருக்கு ஒரு பங்கு உண்டு. இந்தியாவில் முதன்முதலில் அலுமினியம் உருக்கி எடுத்தது ஆலுவாவுக்கு அருகே அலுபுரத்தில், 1943-இல். தாது அங்கே இல்லை. அலுமினா வெளிநாட்டிலிருந்து வந்தது. இருந்தது மின்சாரம்: பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-இல் ஓடத் தொடங்கியிருந்தது. அலுமினியம் என்பது பாதி உலோகம், பாதி மின்சாரம்.

சுத்த அலுமினியத்தில் கொளுத்துச் செய்தால் கையாலேயே வளைத்துவிடலாம். துத்தநாகம், மெக்னீசியம், செம்பு கலந்து, சூடாக்கி, குளிர்வித்து, பிறகு மிதமான வெப்பத்தில் முதிரவைத்தால் கிடைப்பது 7075 என்ற கலவை. ஜப்பானியர்கள் போர் விமானத்துக்காக இதை முன்னோடியாகச் செய்தார்கள். அமெரிக்காவில் 1943-இல் வந்தது. நல்ல மலையேற்றக் கொளுத்துகளில் பெரும்பாலானவை இந்தக் குடும்பம். எஃகின் எடை ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், இதற்கு 2.8. எடைக்கு எடை பார்த்தால் அலுமினியக் கலவை சாதாரணக் கலப்பு எஃகை வென்றுவிடும். மரத்தில் நாள் முழுவதும் தொங்குபவனின் இடுப்பில் பத்துக் கொளுத்து இருந்தால், எஃகில் இரண்டரை கிலோ, அலுமினியத்தில் ஒரு கிலோவுக்கும் குறைவு. மாலை நான்கு மணிக்குக் கை நடுங்காமல் இருப்பதும் பாதுகாப்புதான். ஆளுக்கு அலுமினியம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இடுப்பில் சுமக்க வேண்டாத இடத்தில் கணக்கு வேறு. அதைத் தும்பாவில் பார்க்கலாம். கரமனையிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இருக்கிற விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் எஃகா அலுமினியமா என்ற கேள்வி தினமும் கேட்கப்படுவது. ஒவ்வொரு கிராமுக்கும் விலை உள்ள ராக்கெட்டில் எல்லாமே இலேசான உலோகமாகத்தானே இருக்க வேண்டும்? பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கு மாரேஜிங் எஃகு. இரண்டாம் அடுக்கின் திரவ எரிபொருள் தொட்டிகள் அலுமினியக் கலவை. திட எரிபொருள் மோட்டாரில் உறை முழுவதுமே எரியும் அறை. பத்துக்கணக்கான வளிமண்டல அழுத்தத்தை அது தாங்க வேண்டும். திரவத் தொட்டிக்குள் சில வளிமண்டல அழுத்தம்தான். சதுர அங்குலத்துக்கு 2,50,000 பவுண்டு வரை நிரந்தரமாக நெளியாத எஃகு முதலாவதற்கு; இலேசான உலோகம் இரண்டாவதற்கு. எந்த உலோகம் உயர்ந்தது என்று தும்பாவில் யாரும் கேட்பதில்லை. எங்கே போகிறது என்றுதான் கேட்பார்கள். மாமா கேட்டதும் அதே.

தடி இறக்கும் இடத்தில் இருப்பவை இழுவிசை, உராய்வு, மண், சூடு, உப்பு, உலோகக் களைப்பு.

மண்ணிலிருந்து தொடங்குகிறேன். இறக்கும் கயிறு ஒவ்வொரு துண்டோடும் தரையைத் தொடுகிறது. கேரளத்துச் செம்மண்ணில் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. அவை எஃகைவிடவும் கடினமானவை. ஈரக் கயிறு அவற்றை எடுத்துக்கொண்டு மேலே போய்க் கொளுத்தில் உரசும்போது அது அரம். அலுமினியத்தின் நிறப்பூச்சு முதலில் போகும், பிறகு பள்ளம் விழும். பள்ளம் ஆழமாகும்போது அதன் ஓரங்கள் கூர்மையாகும். அந்த ஓரம் அடுத்துக் கயிற்றைத் தின்னும். எஃகிலும் தேய்மானம் உண்டு, ஆனால் மிக மெதுவாக. இரும்புக் கம்பி உள்ளே ஓடும் வடத்தை அலுமினியக் கொளுத்தில் மாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். வெண்ணெயில் கத்தி.

சூட்டைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: அலுமினியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், ஆகவே சூடு ஏறாது என்று. கப்பி இல்லாமல் கொளுத்திலேயே கயிற்றை ஓடவிட்டு 100 கிலோவைப் பத்து மீட்டர் இறக்குங்கள். தடி இழக்கும் ஆற்றல் சுமார் 9,800 ஜூல். பிரேக் பிடிக்கும் எல்லா இடத்திலும் அது பங்காகும். மோசமான நிலைக்கு, முழுவதும் கொளுத்துக்கே போவதாக வைப்போம். 80 கிராம் அலுமினியக் கொளுத்தின் வெப்பநிலை 136 டிகிரி உயரும். 250 கிராம் எஃகுக் கொளுத்தில் 80 டிகிரி. கடத்துவதற்கு வெப்பம் போக ஒரு இடம் வேண்டுமே! காற்றில் தொங்கும் கொளுத்துக்கு அப்படி இடம் இல்லை. எனவே கனமாக இருப்பதே எஃகுக்கு வாய்த்த நன்மை. திருவனந்தபுரத்து மதியத்தின் 30 டிகிரியைக் கூட்டினால் அலுமினியம் 166-இல் நிற்கிறது. பாலிப்ரொப்பிலீன் கயிறு உருகுவது 165 டிகிரி வாக்கில். பாலிஎத்திலீன் கயிறு 130-க்கு அருகிலேயே. திருவனந்தபுரத்துச் சாலைச் சந்தையில் சுருள் சுருளாக விற்கும் நீல, பச்சைக் கயிறுகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. உண்மையில் வெப்பத்தின் பெரும்பங்கு கயிற்றுக்கும் சுற்றிய மரத்துக்கும் போகும் என்பதால் நிலைமை இவ்வளவு மோசமாக இருக்காது. ஆனால் அடுத்த துண்டு, அதற்கடுத்தது என்று இடைவெளியில்லாமல் இறக்கினால் சூடு சேர்ந்துகொண்டே போகும். பழைய தேங்காய்நார்க் கயிறு உருகாது, கருகும். கருகும் வாசம் முன்கூட்டியே சொல்லிவிடும். நைலானும் பாலியெஸ்டரும் உருக ஏறத்தாழ 220 டிகிரியாவது வேண்டும். கயிற்றின் விலையில் மிச்சம் பிடித்துக் கொளுத்தில் தாராளம் காட்டுவது வீண்.

கொளுத்தைக் கப்பியாக்குவதில் இன்னொரு கேடும் உண்டு. 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியில் அதே தடிமனுள்ள கயிற்றை மடித்தால் வளைவின் வெளிப்புற இழைகள் மட்டும் பாரத்தைச் சுமக்கும், உட்புற இழைகள் சும்மா இருக்கும். உருளையின் விட்டம் கயிற்றைப் போல நான்கு மடங்காவது வேண்டும். கப்பி வாங்குங்கள்.

உப்பு இந்த ஊரின் தனிச் சங்கதி. சங்குமுகம் கடற்கரை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆண்டில் இரண்டு பருவமழை. எஃகு துருப்பிடிக்கும், எல்லோருக்கும் தெரியும். துருவின் குணம், அது கண்ணுக்குத் தெரிவது. துத்தநாகப் பூச்சு இருக்கும்வரை எஃகுக்குப் பதிலாகத் துத்தநாகம் அரிபடும். அலுமினியம் துருப்பிடிக்காது என்ற பேச்சு பாதி உண்மை. மேலே படியும் ஆக்சைடு படலம் அதைக் காக்கிறது. உப்பு அந்தப் படலத்தை ஊசி குத்தினாற்போலத் துளைக்கும். 7075-இல் செம்பு இருப்பதால் அது இன்னும் பலவீனம். துளையோடு இழுவிசையும் சேர்ந்தால் வெடிப்பு உள்ளே நகரும். அலுமினிய உடம்பில் எஃகு ஆணியும் எஃகு ஸ்பிரிங்கும் இருக்கும் இடம்தான் முதலில் கெடும். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் அது ஒரு சின்ன பேட்டரி, அரிபடுவது அலுமினியம். வாய் தானாக மூடாமல் பாதியில் நின்றால் இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வாய் திறந்த கொளுத்துக்குப் பெரிய எண் அல்ல, முதுகில் உள்ள சிறிய எண்தான் என்று மேலே பார்த்தோம். வேலை முடிந்து நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துவது இரண்டு நிமிட வேலை.

களைப்பு கடைசி. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள இழுப்பை எஃகு எத்தனை லட்சம் முறை வேண்டுமானாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு அடித்தளம் கிடையாது. சிறு இழுப்பும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். 1954-இல் வானில் உடைந்த காமெட் விமானங்கள் உலகுக்குச் சொன்ன பாடம் இது. ஆளைத் தாங்கும் கொளுத்துக்கு இது பெரிய கவலை இல்லை, ஏனென்றால் 80 கிலோ மனிதன் அதன் பலத்தில் சிறு பங்கு. தினம் முப்பது தடி இறக்கும் கொளுத்துக்குக் கவலை.

எனவே என் தீர்ப்பு மாமாவின் தீர்ப்புதான். ஆளுக்கு அலுமினியம், தடிக்கு எஃகு. இரண்டையும் ஒரே பையில் போடக்கூடாது. தடி தாங்கிய கொளுத்து, எஃகே ஆனாலும், ஆளைத் தாங்க மறுபடி வரக்கூடாது. அது என்னென்ன அடி வாங்கியது என்று யாருக்கும் நினைவிருக்காது. கப்பியைக் கட்டும் இடத்தில் எஃகுக் கொளுத்தைவிட ஷாக்கிள் என்னும் U வடிவ வளையம் மேல். திறக்கும் வாயே இல்லை, திருகாணி இருக்கிறது. ஆனால் அங்கே எண்ணைப் படிக்கும்போது கவனம். ஷாக்கிளில் அச்சிட்டிருப்பது வேலைப் பளு, கொளுத்தில் அச்சிட்டிருப்பது உடையும் பளு. முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த எட்டில் ஐந்து அங்குல ஷாக்கிளில் மூன்றேகால் டன் என்று போட்டிருந்தால், அது உடைவது அதைப் போலப் பல மடங்கில். கொளுத்தில் இரண்டரை டன் என்றால் அதோடு சரி. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஏமாந்தவர்கள் உண்டு. அவர்களில் நானும் ஒருவன், நல்லவேளையாகக் காகிதத்தில்.

எண்ணே இல்லாத கொளுத்துகள் சாலைச் சந்தைக் கடைகளில் முப்பது, நாற்பது ரூபாய்க்குத் தொங்குகின்றன. வடிவம் அச்சு அசல் அதேதான். அவை சாவிக்கொத்துக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் ஆனவை.

வீட்டில் மரம் வெட்ட ஆள் வந்தால், கூலி பேசும்போதே கொளுத்தையும் ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். எண் இருக்கிறதா, பள்ளம் விழுந்திருக்கிறதா, வாய் விட்டதும் தானாக மூடுகிறதா. சந்தேகமாக இருந்தால் அன்றைய கூலியைக் கொடுத்து வேலையை மறுநாளைக்குத் தள்ளுங்கள். நீங்களே இந்தத் தொழிலில் இருப்பவர் என்றால், கழித்த கொளுத்தை அப்படியே பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர்க்கடைக்குப் போடாதீர்கள். அங்கிருந்து அது இன்னொருவன் இடுப்புக்குப் போய்ச் சேரும். ஹாக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்துவிட்டுப் போடுங்கள். அலுமினியம் ஐந்து நிமிடத்தில் அறுந்துவிடும். எஃகுக்கு கிரைண்டர் வேண்டும்.